மலைச்சாலையில் ஹார்ட் ராக்: கேள்வி பதில்

சிலிகுரியில் தங்கி, சிக்கிம், மேகாலயா, நாகாலாந்து மேடைகளில் பத்து ஆண்டுகள் ஒலியமைப்பு வேலை பார்த்தவன் நான். சிக்கிமின் தலைநகர் காங்டாக்கின் ஹார்ட் ராக் இசைக்குழுவான ‘கிரிஷ் அண்ட் தி க்ரானிக்கிள்ஸ்’ பற்றியும் அந்தப் பகுதிக் குழுக்கள் பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

தேனி வாசகர்: ஒரு லட்சம் பேர் வாழும் மலையூரில் தோன்றிய குழுவின் ஆல்பத்தை இத்தாலிய நிறுவனம் வெளியிட்டது எப்படி?

பொறுமையால். 2009இல் தொடங்கிய குழு அது. ‘பேக் ஆன் எர்த்’ 2014இல், ‘ராக் தி ஹைவே’ 2020இல் வந்தன. நேப்பிள்ஸ் நகரின் ஃபிரான்டியர்ஸ் நிறுவனம் ‘ஹெயில் டு தி ஹீரோஸ்’ ஆல்பத்தை வெளியிட்டபோது 2022 ஆகிவிட்டது. பதின்மூன்று ஆண்டு உழைப்பு!

அந்தப் பகுதியில் எந்தக் குழுவுக்கும் ரசிகர்கள் சேர்வது சாலையில்தான். காங்டாக்குக்கு ரயில் கிடையாது. டிரம்ஸை ஜீப் கூரையில் கட்டிக்கொண்டு தீஸ்தா ஆற்றை ஒட்டிச் சுமார் 115 கி.மீ. இறங்கினால் சிலிகுரி. மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் சரியும் என்று தெரியாது. 2023 அக்டோபர் வெள்ளம் அந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. இருந்தும் காலிம்போங், டார்ஜிலிங், சிலிகுரி என்று அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களைத்தான் மக்கள் நினைவில் வைக்கிறார்கள். முதல் முறை நாற்பது பேர் நின்ற கூடத்துக்கு, மூன்றாம் முறை அந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு நண்பரை அழைத்து வந்ததை ஒலி மிக்சருக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

மதுரை வாசகர்: எந்த கிடார் வாங்கலாம்?

அது என் துறை அல்ல. கிடார் ஆசிரியரைக் கேளுங்கள். ஆனால் கிடாருக்கு முன் காதடைப்பான் வாங்குங்கள். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலைப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும்.

கோவை வாசகர்: அந்தக் குழுக்கள் தாய்மொழியை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பாடுவது வெறும் நகல் அல்லவா?

இந்தக் குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியாது. காங்டாக்கில் நேபாளி பேசுகிறார்கள். ஷில்லாங்கில் காசி மொழி, ஐஸாலில் மிசோ. நாகாலாந்தின் தலைநகர் கோஹிமாவில் பல நாகா மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும். அந்த மாநிலத்தின் ஆட்சிமொழியே ஆங்கிலம்தான். மிஷன் பள்ளிகளும் தேவாலயப் பாடகர் குழுக்களும் தலைமுறைகளாக அந்த மொழியில் பாடப் பழக்கியிருக்கின்றன. டிசம்பரில் கோஹிமாவுக்கு அருகே கிசாமாவில் நடக்கும் ஹார்ன்பில் விழாவுக்குத் திரளும் பல மொழிக் கூட்டம் சேர்ந்து பாட வேண்டுமானால் வேறு எந்த மொழி உதவும்?

ஈரோடு வாசகர்: கோவை நண்பர் சொன்னது சரி. திருவனந்தபுரத்தின் ‘அவியல்’ குழு மலையாளத்தில் பாடியே ராக் ரசிகர்களைப் பிடிக்கவில்லையா?

பிடித்தது, அந்தக் குழுவை நானும் மதிக்கிறேன். ஆனால் கேரளம் முழுக்க மலையாளம் புரியும். காங்டாக்கிலிருந்து கோஹிமாவுக்கு அப்படி ஒரு மொழி இல்லை. நேபாளியில் பாடினால் காட்மாண்டு வரை வழி திறக்கும் என்பதும் உண்மை; நேபாளத்தின் ‘1974 ஏடி’ ராக் குழுவின் பாடல்களை டார்ஜிலிங் இளைஞர்கள் மனப்பாடமாகப் பாடுவார்கள். ஆக, எந்தத் திசைக் கூட்டத்தை நாடிப் போகிறோம் என்பதைப் பொறுத்து மொழி அமைகிறது. பிறர் குரலைப் பின்பற்றிப் பாடும் ஒருவர் எந்த மொழியில் பாடினாலும் நகல்தான். தன் குரலில் பாடுகிறவரை அப்படிச் சொல்லாதீர்கள்.

சேலம் வாசகர்: எந்த ஆம்ப்ளிஃபயர் நல்லது?

மதுரைக்காரருக்குச் சொன்னதே. காதடைப்பானையும் சேர்த்து.

திருச்சி வாசகர்: தொடக்கத்துக்கு எந்த கிடார்...

மேலே இரண்டு முறை பதில் இருக்கிறது.

நாகர்கோவில் வாசகர்: நாங்கள் நால்வர். சொந்தப் பாடல்கள் ஆறு இருக்கின்றன. சென்னைக்குக் குடிபெயரலாமா?

இப்போது வேண்டாம். உங்களுக்குத் திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம். இரண்டு ஊரிலும் இடத்தை மாற்றாமல், நான்கு மாதத்துக்கு ஒரு முறை வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பாடல் இருக்கட்டும். வந்தவர்களின் தொலைபேசி எண்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த கச்சேரிக்கு நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். டிரம்ஸ் வாசிப்பவர் காதடைப்பான் போடுகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.