வேல்ஸ் நாட்டு ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் டாமி ஃபார் யார்? ஜோ லூயிஸிடம் தோற்ற ஒரே ஒரு சண்டைக்காகவா அவரை இன்னும் பேசுகிறார்கள்?

பெரும்பாலும் அந்த ஒரு சண்டைக்காகத்தான். அதில் தப்பும் இல்லை. 1937 ஆகஸ்ட் 30 இரவு, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், உலக சாம்பியன் ஜோ லூயிஸுக்கு எதிராக 15 ரவுண்டும் நின்றார் ஃபார். நாக் அவுட் ஆகவில்லை, நடுவரும் நீதிபதிகளும் போட்ட பாயிண்டில்தான் தோற்றார். நின்றது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். லூயிஸின் பட்டத்தைக் கேட்டு அடுத்தடுத்து ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேர் கதையும் பாதியிலேயே முடிந்தது. அதில் மூன்று பேர் முதல் ரவுண்டைக்கூடத் தாண்டவில்லை. ஃபாருக்கு அடுத்து கடைசி மணி வரை தாக்குப்பிடித்தவர் சிலி நாட்டு அர்துரோ கோதோய், அதுவும் 1940 பிப்ரவரியில். லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்துக்கொண்டார். அதில் முழு தூரமும் போனவை மூன்றே மூன்று சண்டைகள்.

ஆனால் எனக்குப் பிடித்த ஃபார், அமெரிக்கக் கப்பல் ஏறுவதற்கு முந்தைய ஃபார்.

1913இல் தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில், டோனிபாண்டி பக்கம் கிளைடாக் வேலில் பிறந்தவர். அந்தப் பள்ளத்தாக்கில் நிலக்கரியை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. பெரிய குடும்பம். சிறு வயதிலேயே அம்மா போய்விட்டார், அப்பா முடக்குவாதத்தில் படுத்துவிட்டார். பையன் சுரங்கத்துக்குள் இறங்கினான். அங்கே கல்லும் கரியும் விழுந்து உடம்பில் காயம் பட்டால், கரித்தூள் உள்ளேயே தங்கி அதன்மேல் தோல் மூடிவிடும். பச்சை குத்தியது மாதிரி நீலத் தழும்பு, ஆயுசுக்கும் போகாது. ஃபாரின் உடம்பிலும் முகத்திலும் அது நிறைய உண்டு. லூயிஸ் அந்தத் தழும்புகளைப் பார்த்து விசாரித்தபோது, புலிகளோடு சண்டை போட்டதில் வந்தவை என்று ஃபார் சொன்னதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, ஆள் அப்படிப் பேசக்கூடியவர்தான்.

சுரங்கத்தைவிட அடி வாங்குவது மேல் என்று அவர் போன இடம், சந்தைகளிலும் பொருட்காட்சிகளிலும் கூடாரம் போட்டு நடத்தும் குத்துச்சண்டை. கூடாரத்து வாசல் மேடையில் வீரர்களை நிறுத்தி, 'இவரோடு சில ரவுண்டு நின்று காட்டினால் இவ்வளவு காசு' என்று கூவுவார்கள். கூட்டத்திலிருந்து எவன் வேண்டுமானாலும் ஏறலாம்: குடித்தவன், கோபக்காரன், நிஜமாகவே சண்டை தெரிந்தவன். ஒரே நாளில் பல பேரோடு மோத வேண்டும், மறுநாளும் மோத வேண்டும். எதிராளியை வீழ்த்துவதைவிடத் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அங்கே முதல் பாடம். குனிந்து, தலையை அசைத்துக்கொண்டே இருந்து, குத்தைத் தோளிலும் கையிலும் வாங்கி வழுக்கவிடும் ஃபாரின் பாணி அங்கே பிறந்ததுதான். கூடவே ஜோபி சர்ச்சில் என்ற ஒற்றைக்கால் மனிதர் அவருக்குக் குருவாகவும் ஏறக்குறைய அப்பாவாகவும் இருந்தார். சுரங்கத்தில் காலை இழந்து, சேணம் தைத்துப் பிழைத்தவர்.

எடுத்த எடுப்பில் யாரும் அவரைப் பெரிய ஆளாக நினைக்கவில்லை. ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான லைட் ஹெவிவெயிட் எடைப்பிரிவில் எட்டி பிலிப்ஸிடம் திரும்பத் திரும்பத் தோற்றார். 1936இல் முன்னாள் உலக சாம்பியன்கள் டாமி லோக்ரன், பாப் ஒலின் இருவரையும் வென்ற பிறகுதான் லண்டன் திரும்பிப் பார்த்தது.

அப்புறம் வந்த 1937ஐ என்னவென்று சொல்வது! மார்ச் 15 அன்று லண்டன் ஹாரிங்கே அரங்கில் பென் ஃபோர்டை வென்று பிரிட்டிஷ் பட்டமும், பிரிட்டிஷ் பேரரசு நாடுகளுக்கான எம்பயர் பட்டமும். சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் பேர். அந்தக் காலத்தில் வலது கைக் குத்துக்கு உலகமே பயந்த ஆள். அவரையும் பாயிண்டில் வென்றார். ஜூன் 15 அன்று ஜெர்மனியின் வால்டர் நாய்சலை மூன்றாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். இந்த நாய்சல் யார் தெரியுமா? கார்டிஃப்காரரான முன்னாள் பிரிட்டிஷ் சாம்பியன் ஜாக் பீட்டர்சனை மூன்று முறை வென்று அவருடைய ஆட்டத்தையே முடித்துவைத்தவர். மூன்று மாதத்தில் இப்படி மூன்று வெற்றி. லூயிஸ் சண்டையை ஒதுக்கிவிட்டால்கூட இதற்காக ஃபாரைப் பேசலாம்.

லூயிஸோடு மோதும் வாய்ப்பு கிடைத்ததில் அரசியலும் உண்டு. லூயிஸை 1936இல் நாக் அவுட் செய்தவர் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங். நியாயப்படி பட்டத்துக்கு மோத வேண்டியவர் அவர். அவரை ஓரங்கட்டிவிட்டு லூயிஸைச் சாம்பியன் ஆக்கிவிட்டார்கள். கடுப்பான ஐரோப்பியத் தரப்பு, ஷ்மெலிங்கையும் ஃபாரையும் லண்டனில் மோதவிட்டு அதையே உலகப் பட்டம் என்று அறிவிக்கத் திட்டம் போட்டது. நியூயார்க்கில் சண்டைகளை நடத்திய மைக் ஜேக்கப்ஸ் பெரிய தொகையைக் காட்டி ஃபாரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். திட்டம் அதோடு காலி.

சண்டை நடந்தபோது வேல்ஸில் விடியற்காலை மூன்று மணி இருக்கும். பள்ளத்தாக்கே தூங்காமல் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கேட்டவர்களில் பலர் ஃபார்தான் ஜெயித்தார் என்று கடைசி வரை நம்பினார்கள். தீர்ப்பைக் கேட்டு ஸ்டேடியத்திலும் கூச்சல் எழுந்தது. 'பட்டத்தைப் பறித்துவிட்டார்கள்' என்ற பேச்சு அங்கிருந்து ஆரம்பித்தது.

என் அபிப்பிராயம் வேறு. படச்சுருள் இருக்கிறது, பார்க்கலாம். லூயிஸின் இடது கை நேர்க்குத்து, ஜாப் என்பார்கள், ஓயாமல் ஃபாரின் முகத்தில் போய் விழுகிறது. கண்ணோரங்கள் கிழிந்து ரத்தம் வருகிறது. நடுவர் ஆர்தர் டோனவன் 13 ரவுண்டுகளை லூயிஸுக்குக் கொடுத்தது ரொம்ப அதிகம். மற்ற இரு நீதிபதிகளின் கணக்குதான் நியாயமாகப் படுகிறது, அவை இன்னும் நெருக்கமானவை. ஆனாலும் ஜெயித்தது லூயிஸ்தான். அதை ஒத்துக்கொண்டு பார்த்தால்தான் ஃபாரின் திறமை தெரியும். லூயிஸின் வலது கைக்குச் சரியான இலக்கே கிடைப்பதில்லை. ஃபார் பின்வாங்கி ஓடவும் இல்லை, முன்னேறி உள்ளே வந்துகொண்டே இருக்கிறார். எல்லாம் கூடாரத்துப் பாடம். பிற்காலத்தில் ஃபாரே, ஜோ லூயிஸ் பேரைக் கேட்டாலே என் மூக்கில் ரத்தம் வருகிறது என்று கிண்டலடிப்பாராம்.

அமெரிக்காவில் மேலும் நான்கு சண்டை போட்டார், ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. முன்னாள் சாம்பியன் ஜிம் பிராடக்கிடம் தோற்றது மட்டும் மயிரிழையில். 1940இல் கையுறையைக் கழற்றினார்.

சம்பாதித்த பணம் நிற்கவில்லை. பிரைட்டனில் மதுக்கடை நடத்தினார், வியாபாரம் சரிப்படவில்லை, 1950இல் திவால். 37 வயதில் மறுபடி ரிங்கில் ஏறினார், ரோண்டாவுக்குப் பக்கத்து ஊரான பாண்டிப்ரித்தில். ஏதோ காட்சிச் சண்டை என்று நினைக்க வேண்டாம். அடுத்த வருஷமே வேல்ஸ் ஹெவிவெயிட் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். 1953 மார்ச்சில் நாட்டிங்ஹாமில் ஆங்கிலேய வீரர் டான் காக்கெல் அவரை ஏழாவது ரவுண்டிலேயே தோற்கடித்ததோடு எல்லாம் முடிந்தது. தோற்ற கையோடு மைக்கை வாங்கி வேல்ஸ் தேசிய கீதத்தைப் பாடினார். பிறகு பத்திரிகையில் குத்துச்சண்டை பற்றி எழுதிவந்தார். 1986இல் வேல்ஸ்காரர்கள் கொண்டாடும் புனித டேவிட் நாளன்று, மார்ச் 1ஆம் தேதி, காலமானார்.

வேல்ஸின் ஆகச் சிறந்த ஹெவிவெயிட் இவர்தானா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். நுணுக்கத்தில் கார்டிஃப்பின் ஜோ எர்ஸ்கின் ஒரு படி மேல் என்பேன். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆங்கிலேய ஹெவிவெயிட் ஹென்றி கூப்பரையே 1957இல் பாயிண்டில் வென்றவர். ஆனால் 1937இல் ஃபார் சந்தித்த வரிசையை எர்ஸ்கின் ஒரு வருஷத்தில் தாண்டியிருப்பாரா என்று கேட்டால், என் ஓட்டு ஃபாருக்குத்தான்.