எட்டு மாதப் பாக்கியும் பஸ்ஸில் போகும் மசாலாவும்

கேள்வி: பட்டர்வொர்த்தில் எங்கள் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை 30 வருடமாக நடக்கிறது. கடைக்கு அம்மாவின் பெயர். அப்பா 2017-இல் தவறிய பிறகு மலேசிய நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் என் பெயருக்கு மாற்றிவிட்டேன். அப்பா உயில் எழுதவில்லை. 2021-இல் அக்கா கணவர் கோலாலம்பூர் செந்தூலில் அதே பெயரில் கடை போட்டார். ஃபிராஞ்சைஸ் என்று 60,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினேன், மாதாமாதம் வியாபாரத்தில் 5 விழுக்காடு தர வேண்டும், சமையலிலிருந்து பரிமாறும் முறை வரை நான் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்பது பேச்சு. எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது எட்டு மாதமாகப் பணம் வரவில்லை. கேட்டால், பலகையில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு "இது என் கடை" என்கிறார். பெயரை நான் டிரேட்மார்க் செய்யவில்லை. வழக்குப் போட்டால் ஜெயிக்குமா? அம்மாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு வாராவாரம் மசாலா அரைத்து செந்தூலுக்குப் பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். யார் மேல் வழக்குப் போடலாம் என்று எட்டு மாதமாக நீங்கள் யோசிக்கிறீர்களோ அவருடைய அடுப்புக்குத்தான் உங்கள் அம்மா இன்னும் மசாலா அரைத்து, மூட்டை கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்கு விஷயம் தெரியாது. சொல்லாமல் வைத்திருப்பது நீங்கள். அந்த மசாலாவுக்கு அம்மாவுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? கடிதத்தில் 60,000 வருகிறது, 5 விழுக்காடு வருகிறது, எட்டு மாதப் பாக்கி வருகிறது, அம்மாவின் கூலி என்று ஒரு வெள்ளி கூட எங்கேயும் வரவில்லை. நீங்களும் கொடுக்கவில்லை, அத்தானும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வழக்கைப் பற்றிக் கேட்டீர்கள், அதையும் இந்த மூட்டையிலிருந்தே சொல்கிறேன். நாளைக்கு நீதிமன்றத்தில் அத்தானின் வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான்: பெயரைத் திருடிவிட்டார் என்கிறீர்களே, அப்படியானால் உங்கள் வீட்டிலிருந்தே ஏன் வாராவாரம் மசாலா போனது? சம்மதித்துத்தானே அனுப்பினீர்கள்? நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள், அம்மாவுக்குத் தெரியாது என்றா?

அப்புறம், நீங்கள் 'ஃபிராஞ்சைஸ்' என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லுக்கு இந்த நாட்டில் 1998-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. பெயரைப் பயன்படுத்த உரிமை கொடுத்து, தொழில்முறையைக் கொடுத்து, எப்படி நடத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தி, அதற்குக் கட்டணமும் வாங்கினால் அது ஃபிராஞ்சைஸ்தான், குடும்பத்துக்குள் என்பதால் சட்டம் விலகி நிற்காது. கொடுப்பவர் முதலில் உள்நாட்டு வாணிப அமைச்சின் ஃபிராஞ்சைஸ் பதிவாளரிடம் பதிய வேண்டும். பதிவதற்கு வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க், கையில் இருக்க வேண்டும். விவரப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே எடுப்பவர் கையில் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், குறைந்தது 5 வருடத்துக்கு இருக்க வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறி விலக 7 வேலை நாளாவது அவகாசம் தர வேண்டும். இதில் ஒன்றைக்கூட நீங்கள் செய்யவில்லை. பதியாமல் ஃபிராஞ்சைஸ் விற்ற தனி ஆளுக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பாக்கி கேட்கப் போய் 60,000-ஐயும் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். குற்றம் அவர் பக்கம் மட்டும் இருக்கிறது என்ற நினைப்பை இத்தோடு விடுங்கள்.

எஸ்.எஸ்.எம்.மில் பதிந்துவிட்டால் பெயர் நம்முடையது என்று நம்புகிற கடைக்காரர்கள் இந்தப் பத்திக்கு எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அது தொழில் நடத்துவதற்கான பதிவு. பெயருக்கான உரிமையை 2019 வணிகக்குறிச் சட்டத்தின் கீழ், அறிவுசார் சொத்துகளைப் பதியும் அரசு அமைப்பான மைஐபிஓவில் பதிய வேண்டும். பதிந்தால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். எந்தத் தொழிலுக்கு என்று வகுப்பு சொல்லிப் பதிய வேண்டும்: சாப்பாட்டுக் கடைக்கு 43-ஆம் வகுப்பு, மசாலாத் தூளை விற்பதாக இருந்தால் 30-ஆம் வகுப்பும் சேர்த்து. பதியாத பெயரையும் காப்பாற்ற வழி இருக்கிறது, நம் கடை என்று ஜனங்களை நம்பவைத்து வியாபாரம் செய்கிறார் என்று வழக்குப் போடலாம். அதில் நீதிபதி ஓரெழுத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஜாலான் ஈப்போவில் இருந்த மெக்கறி உணவகத்தின் மேல் மெக்டொனால்ட்ஸ் 2001-இல் போட்ட வழக்கு ஞாபகம் இருக்கிறதா? 2006-இல் உயர் நீதிமன்றத்தில் மெக்டொனால்ட்ஸ் ஜெயித்தது, 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி மெக்கறி பக்கம் தீர்ப்புச் சொன்னது, அதே வருடம் கூட்டரசு நீதிமன்றமும் மேற்கொண்டு முறையிட அனுமதி தரவில்லை. பலகை, நிறம், சாப்பாடு, வருகிற ஆட்கள் என்று மொத்தத்தையும் பார்த்தார்கள். செந்தூலில் சாப்பாடும் அதே, மசாலாவும் அதே, அதனால் அந்த வாதத்தில் உங்களுக்கு வலு இருக்கிறது.

ஆனால் வழக்குப் போட நீங்கள் யார்? கோபப்படாமல் படியுங்கள். அந்தப் பெயருக்கு ஊரில் இருக்கும் நல்ல மதிப்பு அப்பா சம்பாதித்தது. அதுவும் அவருடைய சொத்தில் சேரும். உயில் இல்லாமல் தவறினால், 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி, அப்பாவின் பெற்றோர் இல்லை என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சரிசமமாக. பெண் பிள்ளைக்குக் குறைவு என்று அதில் எங்கேயும் இல்லை. நீங்களும் அக்காவும் மட்டும் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. பதிவை உங்கள் பெயருக்கு மாற்றியதால் இது மாறிவிடாது. அதாவது அக்காவுக்கும் பங்கு உள்ள பெயரை அக்கா வீட்டுக்கே 60,000 வெள்ளிக்கு விற்றிருக்கிறீர்கள், மாதாமாதம் 5 விழுக்காடும் வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் அம்மா பங்கையாவது கொடுத்தீர்களா? கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று, இனி கடை ஆண் பிள்ளைக்கு என்று நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கை நான் என்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அத்தான் செய்தது சரி என்று சொல்லவில்லை. எழுத்தை மாற்றிப் பலகை மாட்டியது கோழைத்தனம். பணம் தரமாட்டேன் என்றால் வீட்டுக்கு வந்து மாமியார் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், மசாலாவை மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது.

இப்போதைக்கு வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். வழக்கறிஞரைப் பாருங்கள், முதலில் அப்பாவின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாகப் பத்திரம் வாங்க. பெயரை அம்மா, அக்கா, நீங்கள் மூவரும் பங்குதாரர்களாக ஒரு கம்பெனி போட்டு அதன் பேரில் பதியுங்கள். செந்தூல் கடை தொடர வேண்டும் என்றால் அந்தக் கம்பெனி முறைப்படி பதிந்து, எழுதிக் கொடுக்கட்டும். மசாலாவின் அளவு அம்மா கையில்தான் இருக்கிறது. அதை யாருக்குச் சொல்வது, என்ன விலைக்குக் கொடுப்பது என்று அவர் சொல்லட்டும், அதையும் எழுத்தில் வையுங்கள்.

இந்த வார மூட்டையைப் பஸ்ஸில் போடாதீர்கள். அம்மாவைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே செந்தூலுக்கு எடுத்துப் போங்கள். ஈப்போ வருவதற்குள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி முடித்துவிடுங்கள், 60,000 உட்பட.