அம்மாவின் ஜப்பான் காலத்துக் கதையை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். அம்மாவுக்கு 91 வயது. மலாயாவை ஜப்பான் ஆண்ட காலத்தில் தாத்தாவைச் சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. அப்போது அம்மாவுக்கு எட்டு வயது, மாமாவுக்குப் பதினொன்று. இருவரும் கிழங்கு நட்டு, அரிசிக்கு வரிசையில் நின்று, பக்கத்து வீட்டு முதியவர்களுக்கும் சேர்த்து வாங்கி வருவார்களாம். இதைப் பதிவு செய்ய ஆசை. ஆனால் அம்மா தேதிகளை மாற்றி மாற்றிச் சொல்கிறார். “காலை ஏழு மணிக்கு விளக்கோடு போவோம்” என்கிறார். ஏழு மணிக்கு எதற்கு விளக்கு? இதற்கிடையே ஒருவர் 600 வெள்ளி கட்டினால் ஜப்பானிடம் இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லி, தாத்தாவின் படத்தையும் பழைய தாள்களையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் வேண்டாம், படமும் வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

1967இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புக்குப் பொருளும் சேவையுமாக அரசாங்கத்துக்குத்தான் வந்தது. சயாமில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளின் கைக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் ஜப்பான் அரசாங்கம் சொல்லி வருகிறது. அது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் பணம் கட்டிப் பதிந்து இழப்பீடு வாங்கும் வழி எதுவும் இன்று இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர் அந்த 600 வெள்ளிக்காகத்தான் வருகிறார். பழைய தாள்களை “ஸ்கேன் பண்ணிவிட்டுத் தருகிறேன்” என்று வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். என் பெரியப்பாவின் ஒரே படம் அப்படித்தான் போனது. பதினைந்து வருடம் ஆகிறது. ஜப்பான் காலத்துப் பணமான வாழைமர நோட்டு ஆயிரக்கணக்கில் விலை போகும் என்றும் சொல்வார்கள். அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளிய நோட்டு அது, 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் வெறும் காகிதமானது. அதை விற்றுப் பணக்காரர் ஆக முடியாது. வீட்டிலேயே இருக்கட்டும். தாள்களை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது.

இனி விளக்கு. அம்மா சொல்வது சரி. ஜப்பான்காரன் மலாயாவின் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினான். அதுவரை இருந்த நேரத்தைவிட அது ஒன்றரை மணி முன்னே. இன்றைய நம் நேரத்தைவிட ஒரு மணி முன்னே. அன்றைய ஏழு மணி என்பது இன்றைய ஆறு மணி. பினாங்கில் ஆறு மணிக்கு இருட்டுதானே? எட்டு வயதில் கையில் பிடித்த விளக்கை அவர் மறக்கவில்லை. நாம்தான் சந்தேகப்படுகிறோம்.

அதனால் அம்மா பேசும்போது திருத்தாதீர்கள். பழைய தாள்களில் உள்ள ஆண்டை மட்டும் கவனமாகப் படியுங்கள், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் அந்தக் காலத்துத் தாள் இருந்து, அதில் 2602, 2603 என்று இருந்தால் அது வரிசை எண் அல்ல, ஜப்பானிய ஆண்டு. அதிலிருந்து 660ஐக் கழியுங்கள்: 2602 என்றால் 1942, 2603 என்றால் 1943. பினாங்குத் தபால்தலைகளிலேயே 2602 என்று மேலச்சு இருக்கும். சில தாள்களில் 17, 18 என்று மட்டும் இருக்கும். அது அவர்களுடைய பேரரசரின் ஆட்சியாண்டு. அதோடு 1925ஐக் கூட்டுங்கள்: 17 என்றால் 1942. ஒரு குடும்பத்தில் அந்த 17ஐத் தேதி என்று நினைத்துத் தாத்தாவின் திதியையே அந்த நாளில் வைத்திருந்தார்கள். தாளும் அம்மாவின் பேச்சும் ஒத்துப்போகவில்லையா? இரண்டையும் எழுதி வையுங்கள். அம்மாவின் பேச்சை அழித்துவிட்டுத் தாளை எழுதாதீர்கள்.

தேதி கேட்காமல் வேலையைக் கேளுங்கள். “1943இல் என்ன நடந்தது?” என்றால் அவர் திணறுவார். “கிழங்கை எப்படிச் சீவுவீர்கள்?” என்றால் கை பேசும். நான் ஒரு பாட்டியிடம் அப்படிக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய் ஒரு காலி பால் டின்னைக் கொண்டுவந்தார். ஆணியால் அதில் ஓட்டை போடச் சொல்லி, பிசிறு வெளியே நிற்கிற பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தேய்த்தார். துருவியதைத் துணியில் கட்டிப் பிழிந்து, தண்ணீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கிய மாவைக் காட்டினார். “கசப்புக் கிழங்கு ஆளைக் கொன்னுடும். தம்பிக்கு நான்தான் பார்த்துப் பார்த்துக் கொடுப்பேன்” என்றார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, அப்பா இல்லாத வீடுகளும் தோட்டத்து வரிசை வீடுகளும் இந்தக் கைகளால்தான் பிழைத்தன. பாடப்புத்தகத்தில் படைகள் இருக்கின்றன, இந்தப் பால் டின் இல்லை.

சுபாஷ் சந்திர போஸ் இயக்கத்தின் சிறுவர் அணியான பாலக் சேனாவில் அணிவகுத்தது, ஜப்பான் பள்ளியில் கிழக்கே பார்த்துக் குனிந்தது, இதெல்லாம் தானாக வரும். வரட்டும்.

கைப்பேசி போதும். காலைப் பசியாறிய பிறகு, காற்றாடியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, நாற்பது நிமிடம். தொடங்கும்போது பெயர், ஊர், தேதி சொல்லுங்கள். மூன்று பிரதி எடுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகலாம், ஆனால் கொடுப்பது பிரதியாக இருக்கட்டும். அலைச்சலுக்கும் தயாராக இருங்கள். நான் ஓர் அலுவலக முகப்பில் இப்படி ஒரு குடும்பத்துக்காக நின்றபோது, தாத்தாவின் இறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். சயாம் காட்டில் புதைத்தவருக்கு யார் சான்றிதழ் எழுதினார்கள்? இதைக் கேட்டே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாமா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவரையும் பதியுங்கள், ஆனால் தனியாக. இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் அண்ணன் பேசுவார், தங்கை தலையாட்டுவார். வரிசையில் அம்மாவும்தான் நின்றார். அதை அவர் வாயால் முதலில் கேளுங்கள்.