பழைய ஆம்னிக்கு ‘ரீகண்டிஷன்’ பேட்டரி போடலாமா?

கேள்வி: என்னிடம் 2009 மாடல் ஆம்னி இருக்கிறது. பெட்ரோல் வண்டி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்துவர மட்டும் வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாகக் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். புது பேட்டரி 4,000 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், ரீகண்டிஷன் செய்த 44 ஆம்பியர் பேட்டரியை 1,800 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். இப்போது வண்டியில் இருப்பது 35. பெரிய பேட்டரி போட்டால் டைனமோ எரிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டைனமோ எரியாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது அது. 35, 44 என்பதெல்லாம் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற கணக்கு. இரண்டும் 12 வோல்ட்தான். மாடியில் தொட்டியை மட்டும் பெரிதாக்கினால் கீழே குழாய் வெடித்துவிடுமா என்ன?

44 உங்கள் வண்டியில் உட்காருமா என்பதுதான் கேள்வி. 35 ஆம்பியர் பெட்டி கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் நீளம். அதற்கு மேல் போனால் நீளம் 24 வரை வரும். வண்டியில் பேட்டரி உட்காரும் தட்டை ஒரு டேப் வைத்து அளந்துவிடுங்கள். உயரத்தையும் பாருங்கள், பிளஸ் முனை மேலே இரும்பில் உரசினால் ஷார்ட்தான். கிளாம்ப் பிடிக்காமல் கயிறு போட்டுக் கட்டிய பேட்டரியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குலுங்கிக் குலுங்கியே சாகும்.

அப்புறம், பழைய பேட்டரியின் முனைகள் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். பிளஸ் எந்தப் பக்கம் இருக்கிறதோ, வாங்குவதிலும் அதே பக்கம் இருக்க வேண்டும். லேபிளில் எண்ணுக்குப் பின்னால் வரும் எல், ஆர் எழுத்து இதற்காகத்தான். மாறியிருந்தால் ஒயர் எட்டாது. இழுத்துப் பிடித்து மாற்றி மாட்டினால் அப்போது டைனமோ நிஜமாகவே போகும். முனை தடிமனிலும் இரண்டு வகை உண்டு. மெல்லிய முனையில் பெரிய கிளாம்பை மாட்டி, நடுவே தகரத்தைச் செருகி இறுக்குவார்கள். அனுமதிக்காதீர்கள்.

சரி, இந்த ‘ரீகண்டிஷன்’ விஷயத்துக்கு வருவோம். எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடு. ஓட ஓட அதன் மேலிருக்கும் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கும். உதிர்ந்ததை எடுத்துத் திரும்ப ஒட்டவைக்கும் வித்தை எந்தக் கடையிலும் கிடையாது. பழைய ஆசிடைக் கவிழ்த்துவிட்டுக் காட்டமான புது ஆசிடை ஊற்றுவார்கள். ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவார்கள். பெட்டியைக் கழுவி, தேதியைச் சுரண்டி, புது ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். 35 பெட்டிக்கு 44 ஸ்டிக்கர் ஒட்டியதும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. காட்டமான ஆசிட் மீட்டரில் நன்றாகக் காட்டும். மிச்சமிருக்கும் தகட்டையும் சீக்கிரம் தின்றுவிடும். கடையில் மூன்று தடவை செல்ஃப் அடித்துக் காட்டுவார்கள். நான்காவது தடவை உங்கள் வீட்டு வாசலில்.

பழைய பேட்டரி இப்படிக் கைமாறுவதைக் கவனிக்க விதி இல்லாமலில்லை. 2001லேயே பழைய பேட்டரியை விற்பவர்களே திரும்ப வாங்க விதி வந்தது, 2022இல் புது விதி. எங்கள் தெருவில் இதுவரை ஒருவரும் வந்து பார்த்ததில்லை. வண்டி பேட்டரிக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வரி போட்டு, பான் மசாலாவோடு ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆனது. இப்படி இருந்தால் மனிதன் ரீகண்டிஷன் பக்கம் போகாமல் என்ன செய்வான்?

பழைய பேட்டரியே வாங்கக்கூடாதா என்றால், ஒரே ஒரு இடத்தில் வாங்கலாம். விபத்தில் அடிபட்டு ஓரங்கட்டிய வண்டியிலிருந்து கழற்றியது, ஒரு வருடத்துக்குள் வாங்கியது, பில் கையில் இருக்கிறது. அந்த வண்டி எவ்வளவு நாள் சும்மா நின்றது என்றும் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் கழற்றியிருந்தால் சரி. போலீஸ் ஸ்டேஷன் வாசலிலோ ஷெட்டிலோ ஆறு மாதம் கிடந்ததென்றால், பில் நேற்றைய தேதியில் இருந்தாலும் வேண்டாம். சார்ஜ் இறங்கிக் கிடந்த தகட்டில் உப்பு கெட்டித்துப் போயிருக்கும். பெட்டியில் விரிசல், வீக்கம் இருந்தாலும் வேண்டாம். விபத்து வண்டி என்று சொல்லி பில் காட்டாதவரிடம் பேச்சே வேண்டாம்.

அப்படி ஒன்று கிடைத்தால், மலிவு விலை மல்டிமீட்டர் ஒன்றோடு போங்கள். சார்ஜரிலிருந்து அப்போதுதான் எடுத்த பேட்டரி 12.8, 12.9 வோல்ட் என்று பொய் சொல்லும். வண்டியில் மாட்டி ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளங்கள். 12.6 பக்கம் நிற்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 10.5 என்றால் எழுந்து வந்துவிடுங்கள்: உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், அதில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாக ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரியை வண்டிக்கு ஆகும் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது மெதுவாக நெடுநேரம் கொடுக்கச் செய்தது, செல்ஃபுக்கு வேண்டியதோ ஒரே இழுப்பு.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் பேட்டரி உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்தீர்களா? முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, கிளாம்பை இறுக்குங்கள். பாடியில் எர்த் ஒயர் பிடித்திருக்கும் இடத்தையும் சுரண்டுங்கள். பிறகு இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் அளங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருந்தால் டைனமோ சரி. 13கூட வரவில்லையென்றால் பெல்ட்டும் டைனமோவும்தான் பார்க்க வேண்டியவை. புது பேட்டரி போட்டாலும் அடுத்த வாரம் தள்ளத்தான் போகிறீர்கள்.

டைனமோ சரியாக இருந்து பேட்டரிதான் போயிருந்தால் என் யோசனை, 1,800ஐ வீணாக்காமல் புது 35 வாங்குவது. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். அதில் ஈயம் இருக்கிறது, காசு உண்டு. காயலான்கடையில் எடை போட்டு விலை கேட்டுக்கொண்டு அப்புறம் பேட்டரிக் கடைக்குப் போங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். ‘டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன், விட்டுட்டுப் போங்க’ என்று எலக்ட்ரீஷியன் சொன்னால், பெட்டியில் ஆணியால் உங்கள் பெயரைக் கீறிவிட்டுக் கொடுங்கள்.