டிஸ்க்கை நேரடியாகத் தொட வேண்டுமா? கேளுங்கள், சொல்கிறேன்

உட்லண்ட்ஸ் வாசகர்: அண்ணே, மேக்கில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியின் மெமரி கார்டுக்கு, டேட்டாவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் இமேஜ் (சிஸ்டத்தின் முழு நகல்) எழுதினால் விடிந்துவிடும் போலிருக்கிறது. சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய கார்டு மட்டமோ?

கார்டு மேல் பழி போடாதீர்கள் தம்பி. கார்டின் பெயரை 'டிஸ்க்4' என்று கொடுத்திருப்பீர்கள், முன்னால் ஆர் என்ற எழுத்தைச் சேர்த்து 'ஆர்டிஸ்க்4' என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கார்டுதான், ஆனால் முதலாவது பஃபர் (டேட்டாவைக் கொஞ்ச நேரம் தேக்கும் மெமரி) வழியாகச் சுற்றிப் போகும், இரண்டாவது நேரே போகும். அப்புறம் அந்த பிஎஸ் அளவு, அதாவது ஒரு தடவைக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்பது. அதைச் சொல்லாமல் விட்டால் டிடி 512 பைட்டாக எடுத்து எடுத்து எழுதும், தேக்கரண்டியால் அண்டாவை நிரப்புகிற கதை. 1 எம்பியாவது வையுங்கள். அதற்கு முன் மேக்கின் டிஸ்க்யூட்டில் கட்டளையில் அன்மவுண்ட்டிஸ்க் கொடுத்து, கார்டை சிஸ்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும். எஜெக்ட் கொடுத்தால் டிவைஸே காணாமல் போய்விடும். எவ்வளவு முடிந்தது என்று பார்க்க கன்ட்ரோலையும் டியையும் சேர்த்து அழுத்துங்கள்.

ஈசூன்: லினக்ஸில் அந்த ஆர் இல்லையே?

தேவையில்லை. டிடிக்கு ஓஃப்ளாக் டைரக்ட் கொடுத்தால் கேஷை, அதாவது மெமரியில் தேக்கி வைப்பதைத் தாண்டிப் போகும். அது வேண்டாமென்றால் எல்லாம் கார்டில் இறங்கும்வரை டிடியைக் காத்திருக்க வைக்கும் கான்வ் எஃப்சிங்காவது கொடுங்கள், இல்லாவிட்டால் டிடி முடித்துவிட்டேன் என்று சொல்லும்போது பாதி டேட்டா மெமரியிலேயே இருக்கலாம், நீங்கள் கார்டை உருவிவிடுவீர்கள்.

ஜூரோங்: விண்டோஸில் அட்மினாகத் திறந்தும் பிசிக்கல்டிரைவ்1இல் (டிஸ்க்கின் நேரடிப் பெயர்) எழுத அனுமதி மறுக்கிறதே சார், படிக்க மட்டும் முடிகிறது.

விஸ்டாவிலிருந்தே அப்படித்தான். மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது சிஸ்டம் பயன்பாட்டில் வைத்திருக்கும் வால்யூமுக்குள் (டிஸ்க்கின் ஒரு பகுதி) நேரடியாக எழுத விடாது. வால்யூமை லாக் செய்யுங்கள் அல்லது டிஸ்மவுண்ட் செய்யுங்கள். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் கிளீன் கொடுத்தாலும் வழி திறக்கும், ஆனால் டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள் போய்விடும், டிஸ்க்கின் எண்ணை இரண்டு தடவை பாருங்கள்.

தெம்பனிஸ்: லினக்ஸில் டிஸ்க்கின் பெயர் எஸ்டிஏவா எஸ்டிபியா என்று ஒவ்வொரு தடவையும் பயம்தான். என்ன செய்யலாம்?

பயம் நல்லது, டிடி 'நிச்சயமா?' என்று கேட்காது. எழுத்தையோ எண்ணையோ நம்பாதீர்கள், ரீபூட் செய்தால் மாறலாம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவு, மாடல், சீரியல் மூன்றையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். இன்னும் நல்லது, டெவ்/டிஸ்க்/பை-ஐடி ஃபோல்டருக்குள் சீரியல் எண்ணோடு இருக்கும் நீளமான பெயரையே கட்டளையில் கொடுப்பது. டைப் அடிக்கக் கை வலிக்கும், சரி, அந்த நேரத்தில் இன்னொரு தடவை யோசிப்பீர்கள்.

அதே ஆள்: பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிறது, டிடியால் காப்பி எடுக்கட்டுமா?

வேண்டாம், பழுதான டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் டிடிரெஸ்க்யூவை எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலோடு ஓட்டுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவரை அந்த டிஸ்க்கை மவுண்ட் செய்யாதீர்கள்.