ஸ்கேனில் ‘பாலிப்’ என்று வந்தால்...

கேள்வி: என் கணவருக்கு 56 வயது, லாரி ஓட்டுகிறார். போன மாதம் இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. சிறுநீர்ப்பையில் 8 மி.மீ. பாலிப் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். இவரோ, “ரத்தம்தான் நின்றுவிட்டதே, வாழைத்தண்டுச் சாறு போதும்” என்கிறார். பாலிப் என்றால் சாதாரணக் கட்டிதானே?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: பாலிப் என்பது நோயின் பெயர் இல்லை, அம்மா. உள்சுவரிலிருந்து ஏதோ துருத்திக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். அது சாதாரணமானதா, புற்றுநோயா என்று ஸ்கேனால் பிரித்துச் சொல்ல முடியாது. உறைந்த ரத்தக்கட்டியும், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பி வீங்கினால் அதுவும்கூட சில நேரம் பாலிப் போலத் தெரியும்.

ரத்தம் நின்றதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். என்னிடம் வந்த பஸ் கண்டக்டர் ஒருவருக்கு இப்படித்தான் ஒருநாள் வந்து நின்றது. எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தபோது, கட்டி தசைக்குள் இறங்கியிருந்தது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. இந்தக் கட்டிகள் விட்டுவிட்டுத்தான் கசியும். கல் இருந்தாலாவது வலித்துக் காட்டிக்கொடுக்கும். வலியில்லாமல் ரத்தம் போனால்தான் நாங்கள் கூடுதலாகப் பயப்படுவோம்.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்கிறேன், அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பென்சிலைவிட மெல்லியது, வளையும், நுனியில் கேமரா. சிறுநீர் வரும் வழியாக உள்ளே போகும். முதலில் மரத்துப்போக ஜெல்லி போட்டு, சில நிமிடம் விடுவோம். தண்ணீர் உள்ளே ஏறும்போது சில்லென்று இருக்கும், அப்புறம் சிறுநீர் முட்டுவது போலிருக்கும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கலாம். திரையில் அவரே பார்க்கலாம்: வெளிர் ரோஜா நிறச் சுவர், அதில் பாலிப் இருந்தால் தண்ணீரில் பாசி போல மெல்ல அசையும்.

ஆனால் கண்ணால் பார்த்தும் முடிவு சொல்ல மாட்டோம். முதுகில் ஊசி போட்டு, வெளியே கத்தி படாமல், அதே வழியாகக் கட்டியைச் சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். பாப்பிலோமா போன்ற சாதாரணக் கட்டி என்று வந்தால் எடுத்ததே வைத்தியம். டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டால் சரி. உங்களிடம் மறைக்கக்கூடாது: இந்த வயதில், ரத்தத்தோடு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான். ஆனால் அவற்றில் நான்கில் மூன்று மேலோட்டமாக இருக்கும்போதே அகப்படுகின்றன. பெரும்பாலும் சிறுநீர்ப்பையை எடுக்காமலே வைத்தியம் செய்ய முடிகிறது.

அவர் பீடி, சிகரெட் பிடிப்பாரா? நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், டாக்டரிடமும் மறைக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், தானாக நிறுத்தக்கூடாது. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடட்டும், தடையில்லை. ஆனால் இந்த வாரமே போய் குழாய்ப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டு வாருங்கள். பயாப்ஸி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.