நெரிசலும் இடைவெளியும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

தாம்பரத்திலிருந்து: அக்கா, காலையில் பீச் ரயிலில் முதுகோடு முதுகு ஒட்டி நின்றாலும் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. மதியம் காலிப் பெட்டியில் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஏன் எரிச்சல்?

வரத்தானே செய்யும் தம்பி! காலையில் அவருக்கு வேறு இடமில்லை. மதியம் அத்தனை சீட்டையும் விட்டுவிட்டு உங்கள் பக்கத்தைத் தேடி வந்திருக்கிறார், 'எதுக்கு?' என்று மனசு உஷாராகிவிடுகிறது.

நாளைக்குக் கவனியுங்கள். ஒட்டி நிற்கிற இருவர் முகம் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். ஒருவர் போனுக்குள், இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே. ஆர்கைல், டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: உடம்பு நெருங்கினால் பார்வை விலகி அதை ஈடுகட்டும். லிஃப்டில் எல்லோரும் மாடி நம்பரையே வெறிப்பதும் இதனால்தான்.

அண்ணா நகரிலிருந்து: எத்தனை அடி தள்ளி நிற்பது சரி, மேடம்?

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒன்றரை அடிக்குள் மிக நெருக்கமானவர்கள், 4 அடி வரை நண்பர்கள், 12 அடி வரை அலுவல் பேச்சு. ஆனால் அவர் முக்கியமாகக் கவனித்தது அமெரிக்க வடகிழக்கின் நடுத்தர வர்க்கத்தை. அந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு ரங்கநாதன் தெருவுக்குள் போய்விடாதீர்கள்.

பெரம்பூரிலிருந்து: என் தம்பி யாரிடமும் மூக்கு உரசுகிற தூரத்தில்தான் பேசுவான். மூளையில் ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் வளர்ந்த வீட்டுப் பழக்கம்தான். மூளைக்கும் பங்கு உண்டு. மூளையில் ஆபத்தை உணர்த்துகிற அமிக்டலா என்ற பகுதி இரண்டு பக்கமும் சிதைந்த ஒரு பெண்ணை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. மற்றவர்கள் ஆய்வாளரிடமிருந்து சராசரியாக 76 செ.மீ. தூரத்தில் நின்றுகொண்டபோது அவர் 34 செ.மீ. வரை போய்விட்டார், துளியும் சங்கடமில்லாமல். அது அபூர்வமான நோய். உங்கள் தம்பியிடம் 'கொஞ்சம் தள்ளி நின்னு பேசுடா' என்றாலே போதும்.

ஓஎம்ஆரிலிருந்து: டீம் லீட் என் தோளுக்கு மேலே குனிந்துதான் மானிட்டரைப் பார்க்கிறார். தப்பான ஆள் இல்லை. எப்படிச் சொல்ல?

'ஸ்கிரீன் ஷேர் பண்றேன் சார்' என்று முந்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாற்காலியைச் சாய்வாகத் திருப்பிப் போட்டு மானிட்டரை அவர் பக்கம் நகர்த்துங்கள்.

வியாசர்பாடியிலிருந்து: பஸ்ஸில் உரசினால் 'கூட்டம்னா அப்படித்தான்' என்கிறார்களே அக்கா?

பிரேக் போட்டால் மொத்தக் கூட்டமும் சாயும், உடனே நிமிரும். ஒரு கை மட்டும் நிமிராமல் அங்கேயே இருந்தால் அது கூட்டம் இல்லைம்மா. சத்தம் போடு, கண்டக்டரைக் கூப்பிடு, பெண்கள் உதவி எண் 181க்கு போன் அடி.